உறுதியில் வைக்கும் கையெழுத்து

கிழக்கிலே, காத்தான்குடி தொடக்கம் பொத்துவில் வரை, பெண்பிள்ளை பிறந்த வீட்டில் உம்மாவும் வாப்பாவும் முதலில் யோசிப்பது வீட்டைப் பற்றித்தான். கல்யாணத்தோடு ஒரு வீடு, அல்லது வீட்டில் பாதி, வளவில் சில பேர்ச்சஸ் அவளுடைய பெயருக்கு உறுதி முடித்துக் கொடுக்கப்படுகின்றது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். இது நல்ல வழக்கமா, பெற்றோரின் முதுகை முறிக்கும் வழக்கமா என்பது வேறு விவாதம். அதனை நாம் இங்கே எடுக்கவில்லை. எமக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்நாட்டில் எத்தனையோ முஸ்லிம் பெண்கள் காணி பூமிக்குச் சட்டப்படி சொந்தக்காரிகள். அவர்களில் எத்தனை பேர் தமது உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து ஒரு தடவையேனும் வாசித்திருப்பார்கள்?

ஒரு நாள் கணவருக்குப் பணம் தேவைப்படுகின்றது. வெளிநாடு போக, கடைக்குச் சாமான் போட, அல்லது பழைய கடனை அடைக்க. "ஒரு கையெழுத்துத்தானே" என்கிறார். நொத்தாரிசின் அலுவலகத்தில் நான்கைந்து தாள்களை நீட்டுகிறார்கள். பென்சிலால் புள்ளடி போட்ட இடங்களில் அவள் கையெழுத்து வைக்கிறாள். இரண்டு மூன்று வருடங்களின் பின் வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வரும்போது, "நான் பொம்புள, எனக்கென்ன தெரியும், அவர் போடச் சொன்னார், போட்டேன்" என்கிறாள்.

சகோதரிகளே, இந்தப் பதில் நீதிமன்றத்தில் எடுபடுமா? அநேகமாக எடுபடாது. சட்டம் பெண்ணை மதிக்கவில்லை என்பது அதற்குக் காரணமல்ல. சட்டம் அவளை முழு மனிதராக மதிப்பதுதான் காரணம்.

தகுதி யாருக்கு?

ஓர் ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கு இரு தரப்பின் மனமும் பொருந்தியிருக்க வேண்டும். நோக்கம் சட்டத்துக்கு விரோதமாக இருக்கக் கூடாது. சில ஒப்பந்தங்களுக்கு எழுத்து வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னே, ஒப்பந்தம் செய்பவருக்கு அதைச் செய்யும் தகுதி இருக்க வேண்டும். எமது பிக்ஹு நூல்கள் இதனை அஹ்லிய்யத் என்கின்றன. இலங்கையின் பொதுச் சட்டமோ ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ரோம டச்சுச் சட்டம். இரண்டும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை. எனினும் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன: சிறு பிள்ளை, சித்த சுவாதீனம் இல்லாதவர், சொத்தை அழிக்கும் ஊதாரி.

ஊதாரி விடயத்தில் மட்டும் இமாம்களுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அவருடைய கையைக் கட்டலாம். புத்தியுள்ள வயது வந்தவரை அப்படித் தடுக்கலாகாது என்பது இமாம் அபூ ஹனீபாவின் நிலைப்பாடு. ரோம டச்சுச் சட்டத்திலோ நீதிமன்றம் ஒருவரை ஊதாரியெனப் பிரகடனம் செய்தாலேயே அவருடைய தகுதி குறையும். "மனிசன் காசைத் தண்ணியாய் இறைக்கிறார்" என்று அயலவர் பேசுவதால் அவருடைய கையெழுத்து செல்லாமற் போகாது.

மனைவி இந்தப் பட்டியலில் இருக்கிறாளா? எங்கள் மார்க்கச் சட்டத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. நிக்காஹ் முடிந்த பின்னரும் அவளுடைய சொத்து அவளுடையதே. விற்கவும் வாங்கவும் கொடுக்கவும் கணவரின் அனுமதி தேவையில்லை. மற்றைய சட்டங்கள் இந்த இடத்துக்கு வரக் காலம் எடுத்தது. இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்துரிமையை உறுதி செய்த சட்டம் 1882இல்தான் வந்தது. இலங்கையில் 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மனைவி காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்டது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் அந்தத் தளையை அறுத்தது. அச்சட்டத்திலிருந்து முஸ்லிம்கள் விலக்கி வைக்கப்பட்டார்கள். அறுப்பதற்கு எம்மிடம் அந்தத் தளை இருக்கவில்லையே! யாழ்ப்பாணத்துத் தேசவழமைப் பெண்களுக்கோ, காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. தனது காணியைத் தனிக் கையெழுத்தால் விற்கத் தகுதி பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கு, அவளுடைய வாழ்க்கையின் மிகப் பெரிய ஒப்பந்தமான நிக்காஹ்வின் பதிவில் கையொப்பமிட 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இடம் வைக்கவில்லை. வலியும் மாப்பிள்ளையும் நிக்காஹ் நடத்தி வைத்தவரும் கையொப்பமிட்டால் போதுமென்றது.

தகுதிக்கு மறுபக்கம் இருக்கின்றது. சிறு பிள்ளை "எனக்குத் தெரியாது" என்றால் சட்டம் கேட்கும். முழுத் தகுதியுள்ள பெண் அதையே சொன்னால், "அப்படியானால் ஏன் கையெழுத்து வைத்தீர்கள்?" என்று சட்டம் திருப்பிக் கேட்கும். கையெழுத்து வைத்தவர் அதன் பொருளை அறிந்தே வைத்தார் என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் அனுமானம்.

பழைய ரோமச் சட்டத்தில் பெண்ணுக்கு ஒரு விசேட பாதுகாப்பு இருந்தது. அவள் பிறருடைய கடனுக்குப் பிணை நின்றால் அந்தப் பிணை அவளைக் கட்டாது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் செனற் சபை செய்த ஏற்பாடு இது. ரோம டச்சுச் சட்டம் வழங்கும் இன்னொரு நாடான தென்னாபிரிக்காவில் 1971இல்தான் இது ஒழிக்கப்பட்டது. அங்கும் கடன் கொடுப்போர் விவரமானவர்கள். "அந்தப் பாதுகாப்பை நான் விட்டுக் கொடுக்கிறேன்" என்று ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேர்த்து விடுவார்கள்! இன்று இங்கே அப்படியொரு பாதுகாப்பை நம்பி எவரும் பிணைப் பத்திரத்தில் கை வைக்க வேண்டாம். "முதலில் கடன்காரரிடம் கேளுங்கள், அவரிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்லும் உரிமை பிணை நிற்பவருக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் பெரும்பாலான அச்சுப் படிவங்களில் அதனைக் கைவிடும் வரியும் சேர்ந்தே இருக்கும். வங்கியில் மைத்துனருக்குக் கையெழுத்து வைத்தாலும், குழுக் கடனில் பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு வைத்தாலும் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

பிள்ளைகளின் பங்கு

இலங்கையில் பராயமடையும் வயது முன்னர் 21 ஆக இருந்தது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனை 18 ஆகக் குறைத்தது. பாதுகாவலரின் உதவியின்றி இளவர் செய்யும் ஒப்பந்தம் ஒற்றைக் காலில் நிற்பது போன்றது. மற்றத் தரப்பை அது கட்டும், பிள்ளையைக் கட்டாது. பராயமடைந்த பின் அவரே விரும்பி ஏற்றுக்கொண்டால்தான் இரண்டு காலிலும் நிற்கும். உணவு, உடை போன்ற அத்தியாவசியப் பொருட்களை வாங்கியிருந்தால் நியாயமான விலையைக் கொடுக்க வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றிய பிள்ளைக்கும் இந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

எமது வீடுகளில் இது பெரும் பிரச்சினையாவது ஒரு மௌத்துக்குப் பிறகுதான். கணவர் 24 பேர்ச்சஸ் வளவை விட்டுச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். மனைவி, சிறு வயது மகன், மகள், கணவரின் உம்மா, வாப்பா எல்லோரும் இருக்கிறார்கள். மரண சாசனம் இல்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, இறந்தவரின் மத்ஹபுச் சட்டப்படியே பங்கு பிரியும். மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது 3 பேர்ச்சஸ். கணவரின் பெற்றோருக்கு ஆறிலொன்று வீதம் 4, 4. மிகுதி 13 பேர்ச்சஸ் பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாக.

அந்த விதவை வளவு முழுவதையும் விற்று வேறு ஊருக்குப் போக நினைக்கிறாள். "புள்ளைகள்ட உம்மா நான், எனக்கில்லாத உரிமையா?" என்பது அவளுடைய கேள்வி. மனதுக்கு நியாயமான கேள்விதான். ஆனால் அவளால் விற்கக் கூடியது அந்த 3 பேர்ச்சஸ் மட்டும். பிள்ளைகளின் அசையாச் சொத்தைப் பாதுகாவலர் விற்பதானால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்தின்படி பிள்ளையின் சொத்துக்கு வலியாக வருபவர் வாப்பா, அவர் இல்லாவிட்டால் வாப்பாவின் வாப்பா. உம்மாவுக்கு அது தானாக வருவதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, பிள்ளைகளின் சொத்துக்குப் பொறுப்பாளராக நியமனம் பெற்று, விற்பது பிள்ளைகளின் நன்மைக்கே என்று காட்டினால் அனுமதி கிடைக்கலாம். இது அலைச்சல் பிடித்த வேலை. அதனால் சிலர் "புள்ளைகள் வளர்ந்ததும் கையெழுத்து வாங்கித் தாரேன்" என்று வாய்ச் சொல்லில் விற்று விடுகிறார்கள். வாங்குபவர் அரை விலைக்குக் கேட்பார். பத்து வருடங்களின் பின் பிள்ளைகள் வழக்குக்குப் போவார்கள். நஷ்டம் இரு பக்கத்துக்கும்.

வயது மட்டும் போதுமா என்ற கேள்விக்குச் சூரா அந்நிஸாவின் 6ஆம் வசனம் ஆழமான பதிலைத் தருகின்றது. அநாதைகள் மண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்து வரவும், விவேகத்தைக் கண்ட பின்னரே சொத்தை ஒப்படைக்கவும் அது பணிக்கின்றது. பதினெட்டாவது பிறந்த நாளன்று பையனுக்கு மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் போட்டுக் கொடுக்கத் துடிக்கும் பெற்றோர் இதனைக் கொஞ்சம் நினைவில் கொள்ளலாம். அன்றிலிருந்து அந்தத் தவணைக்குச் சட்டம் அவனைத்தான் பிடிக்கும்.

மூத்தம்மாவின் கைநாட்டு

வயது போன உம்மாவுக்கு மறதி. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மாறிப் போகின்றன. ஒரு மகள் வைத்தியசாலைக் கட்டிலருகே நொத்தாரிசைக் கூட்டி வந்து வளவைத் தன் பெயருக்கு எழுதிக் கொள்கிறாள். உம்மா மௌத்தானதும் மற்றப் பிள்ளைகளுக்கு விடயம் தெரிய வருகின்றது.

இங்கே சட்டம் பார்ப்பது அந்த வேளையை. கைநாட்டு வைத்த நேரத்தில் தாம் செய்வது இன்னதென்று உம்மாவுக்கு விளங்கியதா? விளங்கவில்லையென்றால் அந்த உறுதி ஆரம்பத்திலிருந்தே செல்லாது. மற்றவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் செல்லாது. விளங்கியது என்றால், முந்தின நாளும் அடுத்த நாளும் அவர் தடுமாறியிருந்தாலும் செல்லும். சித்த சுவாதீனம் இல்லை என்று சொல்பவர்தான் அதனை நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் ஏற்கனவே அவரை அவ்வாறு பிரகடனம் செய்திருந்தால் மட்டும் நிலைமை மாறும். எனவே மறதி நோய் முற்றும் முன், பிள்ளைகள் கூடிப் பேசி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து உம்மாவின் சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமித்துக் கொள்வதே முறை. "உம்மாவைப் பைத்தியம் என்று கோட்டில் சொல்வதா?" என்று கூசுகிறவர்களே பிறகு அதே கோட்டில் அதையே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்கிறார்கள்.

மரணப் படுக்கையில் கொடுக்கும் நன்கொடைக்கு எமது பிக்ஹில் தனி விதி இருக்கின்றது. அது வஸிய்யத்தைப் போலவே கணிக்கப்பட்டு மூன்றிலொரு பங்குக்குள் அடங்க வேண்டும். வாரிசுக்குக் கொடுப்பதானால் ஏனைய வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். மூளை தெளிவாக இருந்தாலும் இந்த எல்லை உண்டு.

நன்கொடை பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. உங்கள் பெற்றோர் தந்த சீதன வீட்டின் உறுதியை எடுத்து, "மீளப் பெற முடியாதது" என்ற கருத்துப்பட ஒரு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்சொன்ன 1931ஆம் ஆண்டுச் சட்டம், முஸ்லிம்களின் நன்கொடை உறுதியில் அப்படிச் சொல்லப்படாவிட்டால் அது மீளப் பெற முடியாததாகக் கருதப்படாது என்கின்றது. உறுதியைக் கையில் கொடுத்தாலே உடைமையைக் கொடுத்ததற்குச் சான்று என்றும் அதே பிரிவு சொல்கின்றது. "சீவிய உருத்து எங்களுக்கு" என்று பெற்றோர் ஒதுக்கி எழுதியிருந்தால் அது மார்க்கச் சட்டத்தை விட்டு நாட்டின் பொதுச் சட்டத்துக்குள் போய்விடுகின்றது. இரண்டு வகை உறுதிகளின் விளைவும் ஒன்றல்ல.

கடனுக்கு அறுதி

இனி, எங்கள் ஊர்களில் அதிகமான வீடுகளை விழுங்கியிருக்கும் பொறிக்கு வருவோம். ஐந்து லட்சம் கடன் தேவை. கடன் கொடுப்பவர் ஈட்டு உறுதி வேண்டாம் என்கிறார். ஈடு என்றால் வழக்குப் போட்டு ஏலம் விட வேண்டும், காலம் போகும். "அறுதி உறுதியாய் எழுதித் தாங்க, காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தாரேன், அல்லாஹ் மேல் ஆணை" என்கிறார். உறுதியில் விற்பனை என்றே எழுதப்படுகின்றது. திருப்பித் தருவேன் என்பது வாய்ச் சொல். வீட்டுக்காரி வழமை போல அதே வீட்டில் சமைத்துக் கொண்டிருக்கிறாள், எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் விலை ஏறுகின்றது, அல்லது கடன் கொடுத்தவர் மௌத்தாகி அவருடைய பிள்ளைகள் வருகிறார்கள்.

ரோம டச்சுச் சட்டம் வாக்கை மதிக்கும் சட்டம்தான். பிரதிபலன் இல்லாவிட்டாலும் மனமார்ந்து கொடுத்த வாக்கு கட்டும் என்பது 1918இல் கோமறைக் கழகத் தீர்ப்பினால் எமது நாட்டில் நிலைபெற்றது. ஆனால் காணிக்கு இது போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டம், காணியை விற்பதும் விற்பதாக உடன்படுவதும் எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிடப்பட வேண்டுமென்கின்றது. மோசடியைத் தடுக்க வந்த சட்டம், வாய்ச் சொல்லை நம்பியவளின் வாயையே அடைக்கின்றது.

முழுக் கதவும் அடைபட்டு விடவில்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு ஒரு யன்னலைத் திறந்து வைத்திருக்கின்றது. காணியின் அனுபோகத்தையும் சேர்த்துக் கைவிடும் எண்ணம் எழுதிக் கொடுத்தவருக்கு இருக்கவில்லையென்று சுற்றுச் சூழ்நிலைகள் காட்டினால், வாங்கியவர் அதனை அவருக்காகவே வைத்திருப்பதாகக் கொள்ளப்படும். விலை சந்தை விலையை விட மிகக் குறைவாக இருந்ததா, விற்றவர் தொடர்ந்து அங்கேயே குடியிருந்தாரா, முத்திரைச் செலவையும் நொத்தாரிசு கூலியையும் யார் கொடுத்தார் என்றெல்லாம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆகவே மின்சாரப் பட்டியல், சோலை வரிப் பற்றுச்சீட்டு, வட்டி கட்டிய துண்டுகள், வங்கிப் புத்தகம் ஒன்றையும் எறிந்து விடாதீர்கள்.

மிரட்டி வாங்கிய கையெழுத்தும், பொய் சொல்லி வாங்கியதும், தங்கியிருக்கும் ஒருவரின் செல்வாக்கால் நெருக்கி வாங்கியதும் ரத்துச் செய்யத்தக்கவை. "தலாக் சொல்லிடுவேன், எழுதித் தா" என்ற நெருக்குதலையும் நீதிமன்றத்தில் சொல்லலாம், நிரூபிக்கத்தான் வேண்டும். ரத்துச் செய்யத்தக்கது என்பதற்கும் செல்லாதது என்பதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு. செல்லாத உறுதி பத்துக் கை மாறினாலும் செல்லாது. ரத்துச் செய்யத்தக்க உறுதியோ, ரத்தாகும் வரை உயிரோடிருக்கும். அதற்கிடையில் விடயம் தெரியாத ஒருவர் பணம் கொடுத்து வாங்கி விட்டால் காணியை மீட்பது மிகவும் கடினம். "குடும்ப மானம்" என்று வருடக்கணக்கில் மௌனமாக இருப்பவர்கள் இழப்பது இந்தக் கால இடைவெளியில்தான்.

கையெழுத்துக்கு முன்

நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் 1907இலிருந்து உங்களுக்கு ஆதரவாகச் சில கடமைகளை அவர் மீது சுமத்தியிருக்கின்றது. வாசிக்கத் தெரியாதவருக்கு, சாட்சிகளின் முன்னிலையில் உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே அவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். ஒப்பமிடுபவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாட்சிகள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருவர் முன் ஒருவர் ஒப்பமிட வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய உறுதியைத் தமிழில் விளக்கச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. வீட்டுக்குக் கொண்டு போய் ஒரு நாள் வைத்துப் பார்க்க நகல் கேட்பதும் அப்படித்தான். கணவர் முகம் சுளிப்பார் என்றால் உங்கள் நானாவையோ தம்பியையோ ஒரு சாட்சியாக அழைத்துப் போங்கள்.

சூரா அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதும்போது வாசகத்தைச் சொல்லிக் கொடுப்பவர் கடன் வாங்குபவராகவே இருக்க வேண்டுமென்கின்றது. அவருக்கு இயலாவிட்டால் அவருடைய வலி சொல்ல வேண்டும். யாருடைய தலையில் சுமை ஏறுகிறதோ அவருடைய வாயிலிருந்தே வாசகம் வர வேண்டும் என்ற ஏற்பாடு அது. இன்று கடன் கொடுப்பவர் அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தில் நாம் புள்ளடியைத் தேடுகிறோம்.

வெளிநாடு போகும் சகோதரிகள் கணவருக்கோ சகோதரருக்கோ அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. "எல்லாக் கருமங்களுக்கும்" என்று எழுத வேண்டிய அவசியமில்லை. வாடகை வாங்க மட்டும், வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் என்று குறித்து எழுதலாம். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுத்தால் அவருடைய கையெழுத்து உங்கள் கையெழுத்தாகிவிடும். நம்பிக்கை குறைந்தால் உயிரோடிருக்கும் வரை அதனை ரத்துச் செய்யலாம்.

ஏற்கனவே கையெழுத்து வைத்து விட்டவர்கள், எதில் வைத்தோம் என்றே தெரியாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த உறுதியைக் கண்டுபிடிப்பதுதான். மூலப் பிரதி வாங்கியவரிடம் போயிருக்கும். ஆனால் நொத்தாரிசிடம் ஒரு பிரதி இருக்கும். இன்னொரு பிரதியை அவர் அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். பதிவகத்தில் கட்டணம் செலுத்தி உங்கள் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைப் பார்க்கலாம், உறுதிப்படுத்திய நகலும் எடுக்கலாம். அந்த நகலோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. போகும்போது உறுதி நகலையும் தேசிய அடையாள அட்டையையும், வீட்டில் கிடைக்கும் எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.